உலோகத்துக்கொரு மூசை

மூசை என்பது உலோகத்தை உருக்கும் கலம். பொற்கொல்லர் அதைக் குகை என்பர். பாடநூல்கள் புடக்குகை என்கின்றன. கட்டைவிரல் அளவுக் கிண்ணம் முதல் பல நூறு கிலோ பித்தளை கொள்ளும் பெருங்கலம் வரை அதன் அளவு மாறும், வேலை மாறாது. உலையின் வெப்பத்தில் அது இளகக் கூடாது. உருகிய சரக்கோடு குறட்டில் தூக்கும்போது விரிசல் விடக் கூடாது. உள்ளே இருக்கும் உலோகத்துக்குத் தன்னிடமிருந்து எதையும் கொடுக்கக் கூடாது, அதனிடமிருந்து எதையும் வாங்கவும் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனைதான் மூசையின் வரலாற்றை நடத்திச் சென்றது.

வெப்பம் மட்டுமே கணக்கென்றால் வரலாறு எளிதாக முடிந்திருக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயம் 327-இல், துத்தநாகம் 420-இல், வெள்ளி 962-இல், தங்கம் 1064-இல், செம்பு 1085-இல், இரும்பு 1538-இல், பிளாட்டினம் 1768-இல். பிளாட்டினத்தைத் தாங்கும் கலம் மற்ற எல்லாவற்றையும் தாங்கிவிட வேண்டும். நடைமுறை அப்படி இல்லை. மக்னீசியம் 650 டிகிரியில் உருகும். எஃகுச் சட்டியில் அதைத் தாராளமாக உருக்கலாம், சட்டிக்குப் பெரிய சேதம் வராது. அலுமினியம் உருகுவது அதைவிடப் பத்து டிகிரி மேலே, 660-இல். அதே எஃகுச் சட்டியை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். களிமண் மூசையில் செம்பு அடங்கி இருக்கும். மக்னீசியமோ அந்தக் களிமண்ணின் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி மூசையையே சிதைத்துவிடும். ஆகவே உலோகத் தொழிலின் வரலாற்றைக் கொல்லரின் வரலாறாக மட்டும் எழுதினால் அது பாதிதான். புதிய உலோகம் ஒவ்வொன்று வந்தபோதும் அதற்கேற்ற மண்ணைத் தேடி, பிசைந்து, கலம் வனைந்து கொடுத்தவர்கள் மற்றப் பாதி. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

செம்பு உருக்கிய மூசைகள் மேற்காசியாவில் கி.மு. 5-ஆம் ஆயிரமாண்டிலேயே காணப்படுகின்றன. அகன்ற வாயும் ஆழமில்லாத வயிறும் கொண்ட மண்கிண்ணங்கள் அவை. தாதையும் கரியையும் கிண்ணத்துக்குள்ளேயே குவித்து, மேலிருந்து ஊதுகுழலால் ஊதினார்கள். நெருப்பு மூசைக்கு வெளியே இல்லை, உள்ளே இருந்தது. அகழாய்வில் கிடைக்கும் ஓடுகளைப் பார்த்தாலே இது தெரியும். உட்புறம் கண்ணாடியாக உருகி, நுரைத்து, செம்பின் பச்சைக்களிம்பு ஏறியிருக்கும். வெளிப்புறம் சரியாக வேகாத மண்ணாகவே இருக்கும். வயலிலும் ஆற்றங்கரையிலும் கிடைக்கும் சாதாரணக் களிமண்ணில் இரும்பும் சுண்ணாம்பும் காரப்பொருள்களும் மிகுதி. 1100 டிகிரியை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கிவிடும். செம்பு உருகும் வெப்பத்துக்கும் மண் தளரும் வெப்பத்துக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளிதான். வெளியிலிருந்து எரித்தால் உலோகம் உருகுமுன் கிண்ணம் சரிந்துவிடும். உள்ளிருந்து எரித்தால் சுவரின் வெளிப்பாதி சூடேறாமல் நின்று உட்பாதியைத் தாங்கும். மண்ணோடு வைக்கோலும் பதரும் சேர்த்துப் பிசைந்ததற்கும் இதுவே காரணம்; அவை எரிந்து விட்ட நுண்துளைகள் வெப்பம் வெளியே கடக்காமல் தடுத்தன. கிடைத்த மண் மோசமானது. அதைக்கொண்டே உலோகத்தை ஆண்டது பெரிய அறிவு.

இந்த வேலை எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்கு எகிப்தின் தீப்ஸ் நகரில் உள்ள ரெக்மீரேயின் கல்லறை சாட்சி. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் துட்மோஸ் மன்னனிடம் அமைச்சராக இருந்தவர் அவர். கல்லறைச் சுவரில் அமூன் கோயிலின் கதவு வார்க்கப்படும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் இரண்டு தோல் துருத்திகளின் மேல் நின்று மாற்றி மாற்றி மிதிக்கிறார். அழுத்திய துருத்தியை மீண்டும் உப்பவைக்கக் கையில் கயிறு பிடித்திருக்கிறார். வேறு இருவர் வளையும் இரண்டு கழிகளுக்கு நடுவே மூசையை இடுக்கி நெருப்பிலிருந்து தூக்குகிறார்கள். வரிசையாகப் புனல்கள் வைத்த பெரிய அச்சில் ஊற்றுகிறார்கள். இரும்புக் குறடு இல்லாத காலம் அது. கழி பற்றிக்கொள்ளுமுன் ஊற்றி முடிக்க வேண்டும்.

செம்போடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்துக்கு இதே திறந்த கிண்ணம் போதும். பித்தளைக்குப் போதாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். செம்போ 1085-இல்தான் உருகும். திறந்த மூசையில் இரண்டையும் சேர்த்தால் துத்தநாகம் புகையாகப் போய்விடும். ரோமானியர் இதற்கு மூடியிட்ட சிறு மூசையைக் கையாண்டனர். செம்புத் துண்டுகள், துத்தநாகத் தாது, கரித்தூள் மூன்றையும் உள்ளே அடைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, செம்பு உருகாத அளவுக்கு மட்டும் சூடாக்கினார்கள். தாதிலிருந்து எழுந்த துத்தநாக ஆவி தப்ப வழியின்றிச் செம்புக்குள் ஊறியது. இம்முறையில் பித்தளையில் ஏறக்குறைய 28 சதவீதம் வரைதான் துத்தநாகம் ஏறும். மூசை உருக்கும் பாத்திரம் என்ற நிலையிலிருந்து வேதிவினை நடக்கும் அறையாக மாறியது இங்கேதான். ரோமப் பேரரசின் செஸ்டெர்டியஸ் நாணயங்கள் இப்படிப் பிறந்த பித்தளையில் அடிக்கப்பட்டவை.

துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பெரிய அளவில் பிரித்தெடுத்த பெருமை ராஜஸ்தானில் உதயப்பூர் அருகே உள்ள ஜாவருக்குரியது. அங்குள்ள கலம் மூசைக்கு மிக நெருங்கிய உறவு. கத்தரிக்காய் வடிவில் செய்த மண்குடுவைக்குள் தாதும் கரியும் கலந்த உருண்டைகளை நிரப்பி, வாயில் நீண்ட மண்குழாயைப் பொருத்தித் தலைகீழாக உலையில் அடுக்கினார்கள். ஓர் உலைக்கு 36 குடுவைகள். மேலறையில் நெருப்பு, துளையிட்ட தட்டுக்குக் கீழே குளிர்ந்த அறை. ஆவி மேலே போகாமல் கீழே இறங்கி, குழாயில் குளிர்ந்து, சொட்டியது. ஒருமுறை பயன்பட்ட குடுவை மறுமுறைக்கு உதவாது. அப்படித் தூக்கி எறியப்பட்டவை மலையாகக் குவிய, ஊரார் அவற்றையே செங்கல்லாக அடுக்கி வீட்டுச் சுவர் எழுப்பினர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் எடுக்கக் காப்புரிமை பெற்றது 1738-இல். அவர் முறையிலும் ஆவி மூசையின் அடியிலிருந்த குழாய் வழியே கீழ்நோக்கியே இறங்கியது.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் வெப்பத்தைவிடச் சேதாரமே கவலை. உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் ஒவ்வோர் உருக்கலிலும் குன்றிமணி எடை சுவரில் தங்கிவிடும். அதனால் புதுக் குகையில் முதலில் வெங்காரத்தை உருக்கிச் சுழற்றி, உட்சுவரில் வழவழப்பான பூச்சு ஏற்றுவது பொற்கொல்லர் வழக்கம். அந்த வெங்காரமே நாளடைவில் மண்ணைத் தின்னும், சுவர் மெலியும். தேய்ந்த குகையை வீசிவிடுவதில்லை. இடித்து, அரித்து, ஒட்டியிருக்கும் பொன்னை மீட்பார்கள். இதற்கு நேர்மாறான கலம் ஒன்றும் இத்தொழிலில் உண்டு. எலும்புச் சாம்பலை அழுத்திச் செய்த சிறு கிண்ணத்தில் கலப்புத் தங்கத்தை ஈயத்தோடு சேர்த்துக் காற்றுப்பட உருக்கினால், ஈயமும் செம்பு போன்ற மட்ட உலோகங்களும் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் ஊறிவிடும்; பொன்னும் வெள்ளியும் மட்டும் மணியாகத் திரண்டு நிற்கும். எதையும் உறிஞ்சக் கூடாது என்பது மூசையின் பொதுவிதி. உறிஞ்ச வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட கலம் இது ஒன்றுதான். உலோகப் பரிசோதனைச் சாலைகளில் இன்றும் இம்முறை நடப்பில் இருக்கிறது.

மூசை வரலாற்றில் தென்னிந்தியாவின் இடம் உருக்கால் வந்தது. பழைய கொல்லர் உலையில் இரும்பு உருகுவதே இல்லை. கசடு கலந்த, பஞ்சுபோன்ற கட்டியாகத்தான் கிடைக்கும். அதில் கரி மிகக் குறைவு. அதைத் துண்டாக்கி, கரி தரும் பொருளோடு மூசையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, மணிக்கணக்கில் வாட்டினால் கரி இரும்புக்குள் ஏறும். ஏற ஏற உருகும் வெப்பநிலை இறங்கும். 1400 டிகிரிக்கு மேலே சரக்கு முழுவதும் நீராகும். கசடு மிதந்து பிரியும். 1.5 சதவீதத்தை ஒட்டிய கரியுள்ள சுத்தமான உருக்குக் கட்டி கிடைக்கும். ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்தது இதைத்தான்.

நொய்யல் கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வில் சங்ககாலத்து இரும்பு உலைகளும் மூசை உருக்குக்கான தடயங்களும் வெளிப்பட்டன. வட தமிழகத்தின் மேல்சிறுவளூரில் உருக்கு மூசைகளின் சிதறல்களை 1990-களில் ஆராய்ந்தவர் சாரதா சீனிவாசன். கர்நாடகத்தின் கட்டிஹொசஹள்ளி, தெலங்கானாவின் கோனசமுத்திரம் ஆகியவையும் இதே தொழிலூர்கள். பாரசீக வணிகர்கள் கோனசமுத்திரத்துக்கே வந்து உருக்கு வாங்கிச் சென்றனர். இலங்கையிலும் இத்தொழில் உண்டு. அங்கே மூசை நீண்ட குழல் வடிவில் இருந்தது. ஆனந்த குமாரசுவாமி அதை நேரில் பார்த்து 1908-இல் வெளிவந்த நூலில் பதிவு செய்தார்.

சேலம் பகுதியின் செய்முறையை, கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் விவரித்திருக்கிறார். மூசைக்குள் அரை பவுண்டு முதல் இரண்டு பவுண்டு வரை இரும்புத் துண்டுகள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்கு போன்ற செடியின் பச்சை இலைகள் ஒன்றிரண்டு. வாயில் ஒரு பிடி மண்ணை வைத்து அடைப்பு. அடைப்பு காய்ந்ததும் இருபது, இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கிக் கரிமூட்டி, துருத்தி போட்டு இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைப்பார்கள். நன்றாக உருகிய கட்டியின் மேற்பரப்பில் நடுவிலிருந்து வரிகள் விரிந்திருக்கும்.

இந்த வேலை முழுவதும் மூசையின் சுவரை நம்பி நிற்கிறது. 1400 டிகிரியில் பல மணி நேரம் நிற்கும் களிமண் எல்லா ஊரிலும் கிடைக்காது. தென்னிந்தியத் தொழிலாளர் மண்ணில் நெல்லுமியைத் தாராளமாகக் கலந்தனர். உமியில் சிலிக்கா மிகுதி. உமி கருகும்போது சிலிக்காக் கூடு அப்படியே சுவருக்குள் நின்று வெப்பத்தைத் தாங்கியது. கருகிய கரி சுவர் முழுக்கப் பரவி, வெளிக்காற்றின் ஆக்சிஜன் உள்ளே இரும்பைத் தொடாமல் காத்தது. மேல்சிறுவளூர், கோனசமுத்திர ஓடுகளை முறித்துப் பார்த்தால் உட்பகுதி கரிக்கறுப்பாக இருப்பது இதனால்தான். நெல் விளையும் நாட்டில் குப்பையாகக் கிடந்த உமி, உலகின் தலைசிறந்த வாள்களுக்கான உருக்கை உண்டாக்கியது. மூசை செய்வோர் கண்டறிந்தவற்றில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே.

மத்திய ஆசியாவிலும் உருக்கு மூசைகள் உண்டு. துர்க்மெனிஸ்தானின் மெர்வில் 9, 10-ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளும், உஸ்பெகிஸ்தானின் பெர்கானா சமவெளியில் அக்சிகெத்தில் உயரமான உருளை மூசைகளும் கண்டெடுக்கப்பட்டன. அங்கு உமி இல்லை. வெண்ணிறத் தீக்களிமண் இருந்தது.

ஐரோப்பாவில் மூசைக்குப் பேர்போன ஊர்கள் இரண்டு, இரண்டும் ஜெர்மனியில். ஹெஸ்ஸே பகுதியின் கிரோசல்மெரோடே ஊரில் செய்யப்பட்ட மூசைகளின் வாய் முக்கோணம். மூன்று மூலையில் எதன் வழியாகவும் ஊற்றலாம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியும் அனுப்பலாம். ரசவாதிகளும் நாணயச்சாலையாரும் தாது பரிசோதகரும் அவற்றைத் தேடி வாங்கினர். அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் வரை அவை போயின. ஊர்க்குயவர் செய்முறையை வெளியே விடவில்லை. மற்றவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் முயன்றும் அந்தத் தரம் வரவில்லை. 2006-இல் ஆய்வாளர்கள் மார்கோஸ் மார்டினோன்-டோரஸ், தீலோ ரேரன், இயன் ஃப்ரீஸ்டோன் ஆகியோர் விடையை நேச்சர் இதழில் வெளியிட்டனர். இரும்பு, சுண்ணாம்புக் கலப்பு மிகக் குறைந்த, அலுமினா மிகுந்த வெண்களிமண்ணோடு குவார்ட்ஸ் மணல் சேர்த்து மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டதால் சுவருக்குள் மல்லைட் என்னும் அலுமினியச் சிலிக்கேட் படிகம் ஊசி ஊசியாக வளர்ந்திருந்தது. மல்லைட்டை அறிவியல் இனங்கண்டு பெயரிட்டது 1920-களில். ஹெஸ்ஸேக் குயவர் அதைப் பல நூறாண்டு முன்பே சூளையில் விளைவித்துவிட்டார்கள்.

இரண்டாவது ஊர் பவேரியாவில் பாஸ்ஸாவ் அருகே டான்யூப் கரையில் உள்ள ஓபர்ன்ட்செல். அங்கே மண்ணோடு கலந்தது கிராஃபைட். கிராஃபைட் எந்தச் சாதாரண உலையிலும் உருகாது. உருகிய செம்பும் வெள்ளியும் தங்கமும் அதில் ஒட்டுவதில்லை. வெப்பத்தை விரைவாக உள்ளே கடத்தும். திடீரென்று சூடேறினாலும் ஆறினாலும் எளிதில் வெடிக்காது. ஹெஸ்ஸே மூசை தாதுச் சோதனைக்கு, பாஸ்ஸாவ் மூசை உலோகத்தை உருக்கி வார்ப்பதற்கு என்று வேலை பிரிந்தது. கிராஃபைட்டின் குறை, அது கரி என்பதே. காற்றில் 500, 600 டிகிரிக்கு மேல் மெல்ல எரிந்து தேயும். களிமண் அதைப் போர்த்திக் காப்பாற்ற வேண்டும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்தது வேறு. கடிகாரம் செய்யும் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் நல்ல சுருள்வில் தேடி, 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரும்பில் கரியேற்றிச் செய்த கொப்புள எஃகை மூசையில் முழுமையாக உருக்கினார். தென்னிந்தியாவில் உருக்கு மூசைக்குள்ளேயே ஆறி உறைந்தது. ஹன்ட்ஸ்மன் அதை வார்ப்பச்சில் ஊற்றினார். அந்த ஒரு மாற்றம் மூசையின் மேல் புதிய சுமை ஏற்றியது. 1500 டிகிரிக்கு மேல் வெண்சூடாக இருக்கும் கலத்தைக் குறட்டில் பற்றித் தரைக்கு மேலே தூக்க வேண்டும். ஷெஃபீல்டில் மூசைக்கு மண் பிசைவது காலால். பல களிமண்களும் கோக் தூளும் கலந்து தரையில் பரப்பி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். செருப்பு போட்டால் சிறுகல் அகப்படாது. ஒரு சிறுகல்லோ காற்றுக் குமிழோ இருந்தாலும் உலையில் மூசை வெடித்து 25 கிலோ உருக்கு நெருப்பில் கொட்டிவிடும். வனைந்த மூசை வாரக்கணக்கில் நிழலில் காய்ந்தது. அவ்வளவு உழைப்பில் பிறந்த மூசையின் ஆயுள் ஒரே நாள், மூன்று உருக்கல். கசடு அரிக்கும் கோடு ஒரே இடத்தில் படாமலிருக்க, அடுத்தடுத்த உருக்கலில் சரக்கைக் கொஞ்சம் குறைத்துப் போடுவார்கள். தூக்குபவர் காலிலும் இடுப்பிலும் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு குழியின் மேல் நிற்பார். ஷெஃபீல்டின் ஆபிடேல் தொழிற்கூடத்தில் அந்த மூசை உலை இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

தமிழகத்துக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஹீத் ஒரு பாலம். கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியை விட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய அவர், பின்னர் ஷெஃபீல்டுக்குச் சென்றார். மூசை உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் எஃகு பற்றவைப்புக்கு இணங்கும் என்று கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெஃபீல்டு செழித்தது. ஹீத் நீண்ட வழக்குகளில் சிக்கி, பலன் காணாமல் இறந்தார். சேலத்து மூசைகளும் அந்த நூற்றாண்டுக்குள் அவிந்தன.

கிராஃபைட்டின் காலம் 19-ஆம் நூற்றாண்டில் முழுமையாக விடிந்தது. அமெரிக்காவின் சேலம் துறைமுகத்தில் ஜோசப் டிக்ஸன் 1827-இல் கிராஃபைட் தொழில் தொடங்கினார். அவருக்கு மூலப்பொருள் இலங்கையிலிருந்து வந்தது. போகல, ககட்டகஹ போன்ற சுரங்கங்களில் பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடும் இலங்கைக் கிராஃபைட், 90 சதவீதத்துக்கு மேல் கரி கொண்டது. லண்டனின் மார்கன் சகோதரர்கள் டிக்ஸன் மூசைகளை விற்கும் உரிமை பெற்று, 1856-இல் பாட்டர்சியில் தாங்களே ஆலை கட்டினர். நாணயச்சாலைகளும் பீரங்கி வார்ப்பகங்களும் மணி வார்ப்போரும் அவற்றுக்கு மாறினர். மண் மூசை சில உருக்கல்களில் முடிந்துபோக, கிராஃபைட் மூசை பல பத்து உருக்கல் நின்றது. முதல் உலகப்போரில் தோட்டாவுறைக்குப் பித்தளை டன் கணக்கில் தேவைப்பட்டபோது இலங்கையின் ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டது. தமிழகத்தில் சிவகங்கைப் பகுதியில் செதில் வகைக் கிராஃபைட் உண்டு. மண்ணில் கரியின் பங்கு குறைவுதான். ஆனால் சுத்திகரித்தால் மூசைக்கு ஏற்றது. அரசின் டாமின் நிறுவனம் அதைத் தோண்டிச் சுத்திகரிக்கிறது.

கிராஃபைட்டுக்கும் எல்லை உண்டு. கரி குறைந்த எஃகை அதில் உருக்கினால் எஃகு மூசையிலிருந்து கரியைக் குடித்துத் தன்மை மாறிவிடும். பிளாட்டினத்துக்கோ கரியும் ஆகாது, களிமண்ணின் சிலிக்கானும் ஆகாது. இரண்டும் அதை நொறுங்கவைக்கும். 1857-இல் பாரிஸில் ஆன்றி சாங்-கிளேர் தெவீல், ஜூல் தெப்ரே இருவரும் சுண்ணாம்புக் கட்டியைக் குடைந்து மூசையாக்கி, ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடரால் மேலிருந்து உருக்கினர். சுண்ணாம்பு பிளாட்டினத்தைத் தொடாததோடு, அதிலிருந்த அழுக்குகளையும் உறிஞ்சிக்கொண்டது. செம்புக் காலத்துக் கிண்ணங்களைப் போலவே இங்கும் நெருப்பு உள்ளே, கலத்தின் வெளிப்புறம் குளிர்ச்சி. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வழியே புதிய உலோகத்துக்கும் கைகொடுத்தது.

அலுமினியம் மலிவானது 1886-இல் ஹால், ஹெரூ ஆகியோரின் மின்பகுப்பு முறை வந்த பிறகுதான். குறைந்த வெப்பத்தில் உருகுவதால் இரும்புப் பானையே போதும் என்று பட்டறையினர் எண்ணினர். இரும்பு கரைந்து அலுமினியத்தில் சேர்ந்தால், உறையும்போது ஊசிபோன்ற கடினப் படிகங்கள் உண்டாகி வார்ப்பு முறியும்; பானையின் சுவரும் ஒருநாள் ஓட்டையாகும். சுண்ணாம்பு, கிராஃபைட் போன்றவற்றைக் கரைத்துப் பானையின் உட்புறம் நாள்தோறும் பூசுவது இதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. களிமண் அதிகமுள்ள மூசையில் அலுமினியம் சிலிக்காவைச் சிதைத்து சுவரில் கெட்டியான படிவு ஏற்றும். விடை சிலிக்கான் கார்பைடு. எட்வர்ட் அச்சிசன் 1890-களின் தொடக்கத்தில் மின்னுலையில் உண்டாக்கிய இப்பொருள், 20-ஆம் நூற்றாண்டில் கிராஃபைட்டோடு சேர்ந்து மூசையாயிற்று. உறுதியும் வெப்பக் கடத்தலும் மிகுந்தது. அலுமினியம், பித்தளை, வெண்கலம் எல்லாவற்றுக்கும் ஏற்றது. உருகிய இரும்பு மட்டும் சிலிக்கான் கார்பைடைக் கரைக்கும். அதனால் வார்ப்பிரும்பைச் சிறு அளவில் உருக்குவோர் களிமண்–கிராஃபைட் மூசையையே இன்றும் நாடுகின்றனர். பெரிய ஆலைகளில் 1916-இல் எட்வின் நார்த்ரப் கண்ட தூண்டல் உலை மூசையின் இடத்தைப் பிடித்தது. அங்கே உலையின் உட்சுவரே மூசை.

பட்டறை பெருகிய காலத்திலும் மூசையைக் கைவிடாத கைவினைகள் உண்டு. வங்காளத்தின் தோக்ரா வார்ப்பில் மூசையும் அச்சும் ஒன்றாகவே ஒட்டப்படுகின்றன. உலோகத் துண்டுகளை இட்ட மண்கிண்ணத்தை அச்சின் வாயோடு பூசி அடைத்து, மொத்தத்தையும் உலையில் வைத்து, உருகியதும் தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். ஊற்றும் வேலையே இல்லை. உலோகம் காற்றைப் பார்ப்பதும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி வார்ப்பாளர்களும் இதே முறையைக் கண்டிருக்கின்றனர். சுவாமிமலை ஸ்தபதிகளோ உருக்கிய பஞ்சலோகத்தை மூசையிலிருந்து மண் கருவில் ஊற்றுகின்றனர்; அவர்கள் கையிலும் இப்போது இருப்பது பெரும்பாலும் கிராஃபைட் மூசை.

வீட்டு முற்றத்தில் வார்க்கும் பொழுதுபோக்கு 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு நாடுகளில் பரவியது. அமெரிக்கரான டேவிட் கிஞ்சரி 1980-களில் எழுதிய கையேடுகள் வாளியும் கரியும் கொண்டு உலை செய்யக் கற்றுத்தந்தன. இந்தக் கலைஞர்களும் பழைய வரிசையையே மீண்டும் நடந்தனர்: முதலில் இரும்புக் குழாயை அடைத்துச் செய்த கலம், அதில் அலுமினியம், இரும்பு கரைவதைப் பார்த்தபின் களிமண்–கிராஃபைட், பிறகு சிலிக்கான் கார்பைடு. மூசையின் மேல் பொறித்த எண்ணிலும் உலோகம் புகுந்திருக்கிறது. பரவலான ஒரு வரிசையில் 6 என்ற எண் ஏறக்குறைய 6 பவுண்டு அலுமினியம் கொள்ளும் என்று பொருள். பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு என்பதால் அதே மூசையில் பித்தளை 18 பவுண்டுக்கு மேல் நிற்கும். அலுமினியத்துக்குச் செய்த குறடு அந்த எடையில் வளைந்துவிடும்.

வீட்டில் வார்க்க முனைவோர் இந்த நீண்ட அனுபவத்திலிருந்து சிலவற்றைத் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய மூசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். காலியாகவே மெதுவாகச் சூடேற்றி, செஞ்சூடு வரை கொண்டுபோய் ஆறவிட்ட பிறகே சரக்கு இட வேண்டும். குளிர்ந்த கட்டியை மூசைக்குள் நெருக்கி அடைக்கக் கூடாது. உலோகம் விரிந்து சுவரைப் பிளந்துவிடும். குறடு வாயைக் கவ்வக் கூடாது, வயிற்றின் அடிப்பாகத்தை அணைத்துப் பிடிக்க வேண்டும். உருக்கி முடித்த சரக்கை மூசையிலேயே உறையவிடக் கூடாது. பித்தளையின் வெண்புகை துத்தநாக ஆக்சைடு. அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும், ஆகவே திறந்தவெளியிலேயே உருக்க வேண்டும். ஈயம் கண்ட மூசையில் வேறெதையும் உருக்கக் கூடாது. அலுமினியத்துக்கு ஒன்று, செம்புக் கலப்புகளுக்கு ஒன்று, வார்ப்பிரும்புக்கு ஒன்று, வெள்ளிக்கும் தங்கத்துக்கும் தனித்தனியே ஒன்று என்று வைத்துக்கொண்டு, குறடு படாத இடத்தில் அடையாளம் இட்டுவிடுவது நல்லது.